நிலம் மாற்றி எழுத எந்தப் பத்திரம் ஏற்றது?

விதை நெல்லைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனத்தைப் பத்திரம் எழுதுவதிலும் விவசாயிகள் காட்ட வேண்டும். செலவு எவ்வளவு, முதுமையில் நிலம் கைவசம் இருக்குமா என்பதெல்லாம் பத்திரத்தின் வகையைப் பொறுத்தவை.

கிரையப் பத்திரம்: விலைக்கு விற்பதற்கு உரியது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கும் நிலத்துக்குக் கிரையம் எழுதுவது வீண் செலவு.

தான செட்டில்மெண்டு: பணம் வாங்காமல் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுப்பது. தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலை முதல் இதன் உச்சவரம்பு ரூ.40,000. பதிந்து, பெறுபவர் ஏற்றுக்கொண்ட பின் நினைத்தபடி ரத்து செய்ய இயலாது. ஆகவே ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையைத் தமக்கு வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் தவறாமல் சேர்க்க வேண்டும். பிள்ளை அதை மீறினால், 60 வயதானவர்கள் 2007ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23வது பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனுச் செய்து பரிகாரம் தேடலாம்.

பாகப்பிரிவினை: பொதுவில் உள்ள நிலத்தைப் பங்குதாரர்கள் பிரித்துக் கொள்வது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்று 2005ம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. பெண் மக்களை விட்டுவிட்டு எழுதினால் பின்னால் வழக்கு வரும். கிணறு, பம்பு செட், வண்டிப் பாதை, வாய்க்கால் ஆகியவற்றில் யாருக்கு என்ன உரிமை என்பதையும் எழுத வேண்டும். வாய்ப்பேச்சில் விட்ட முறைத் தண்ணீரே பல சகோதரர்களைக் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

விடுதலைப் பத்திரம்: பங்குதாரர் ஒருவர் தம் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக் கொடுப்பது. பங்கே இல்லாதவருக்கு இது பொருந்தாது.

உயில்: எழுதியவர் காலத்துக்குப் பிறகே நடப்புக்கு வரும். முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் அவசியம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவது பாதுகாப்பு. உயிருள்ளவரை மாற்றி எழுதலாம். கடைசி உயிலே செல்லும். நிலத்தைக் கடைசிவரை கைவிட விரும்பாதவர்க்கு இதுவே ஏற்றது.

எதை எழுதினாலும் முன்னதாக வில்லங்கச் சான்று பார்த்து, சர்வே எண், நான்கெல்லை, விஸ்தீரணம் ஆகியவற்றைச் சரிபார்த்துக் கொள்ளவும். உயில் நீங்கலாக மற்றப் பத்திரங்களை எழுதிய நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும். பதிந்தபின் பட்டா மாறிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுவது நலம்.