நம்பர் அதே... பஸ் வேறு! (5ஜி பீம் அடையாள எண் பற்றி ஒரு சிறு பாடம்)



எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். கெலமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து விடியற்காலையில் ரோஜாக் கூடையோடு ஓசூருக்குக் கிளம்பினால், பஸ் நம்பரைப் பார்த்துத்தான் ஏறுவாங்க. போன வருஷம் ஒரு நாள் வழக்கமான நம்பரில்தான் ஏறினாங்க. ஆனால் பஸ் வேறு பக்கம் திரும்பி விட்டது. அன்று முதல் அந்த நம்பருக்கு ரூட் மாற்றமாம். இறங்கி, வேறு பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் வியாபாரம் முடிந்து விட்டது. வாடின பூவைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தாங்க.

"நம்பர் அதேதான்டா, பஸ்ஸு வேற ஆயிடுச்சு. மாத்தினா மாத்திட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டாங்க.

இந்த வருஷம் ஆசிரியர் 5ஜி பீம் பற்றி நடத்தியபோது, அம்மாவின் கேள்விதான் அங்கேயும் பாடமாக இருந்தது!

பீம் என்பது என்ன?

குண்டு பல்பு அறை முழுக்க ஒளி தரும். டார்ச் லைட் ஒரே பக்கம் அடிக்கும். டவர் அடிக்கும் டார்ச்தான் பீம். 2022 ஏலத்தில் நம் நாட்டில் 26 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையும் விற்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1ந் தேதி 5ஜி சேவை தொடங்கியது. 26 கிகா ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11.5 மில்லி மீட்டர்தான். சுவர், மரம், போனைப் பிடித்திருக்கும் நம் கைகூட அதை மறைத்துவிடும். ஆகவே பல சிறு ஆன்டெனாக்களைச் சேர்த்து, சக்தியை ஒரே திசையில் குவித்து அனுப்புகிறார்கள்.

இந்த உயர் அலைவரிசையில் டவர் 64 பீம் வரை ஒன்றன்பின் ஒன்றாக வீசலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. போன் அவற்றை அளந்து, "எனக்கு 12ம் நம்பர் நன்றாகக் கிடைக்கிறது" என்று சொல்லும். எல்லாவற்றையும் அளந்துகொண்டே இருந்தால் நேரமும் பேட்டரியும் வீண். இங்கேதான் மெஷின் லேர்னிங் வருகிறது. 32 பீம்களில் 8ஐ மட்டும் அளந்து, மொத்தத்தில் எது சிறந்தது என்று மாடல் கணிக்கும். நாலு சோறு பார்த்துப் பானைச் சோற்றைச் சொல்வது மாதிரி!

சிக்கல் எங்கே?

டவர் எதிரே புதிதாக ஒரு பெரிய ஷெட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆன்டெனாவின் சாய்வை மாற்றுகிறார்கள். நேற்று வரை சிப்காட் கேட்டைப் பார்த்த 12ம் பீம், இன்று மெயின் ரோட்டைப் பார்க்கிறது. நம்பர் மட்டும் மாறவில்லை. போனிலுள்ள மாடல் பழைய பாடத்தையே ஒப்பிக்கும். அது தவறு என்று அதற்கே தெரியாது.

பீம் வடிவத்தை முழுசாகச் சொல்லிவிட்டால் என்ன? ஆன்டெனா அமைப்பு கம்பெனிகளின் தொழில் ரகசியம் ஆயிற்றே! அதனால் உலக அளவில் விதிமுறை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, 18வது வெளியீட்டில் இதை ஆராய்ந்து, 19வது வெளியீட்டில் ஒரு வழி கண்டது. அதுதான் 'அசோசியேட்டட் ஐ.டி.', அதாவது உடன் வரும் அடையாள எண். "என்ன மாற்றினோம் என்று சொல்ல மாட்டோம், மாறிவிட்டது என்று மட்டும் சொல்கிறோம்" என்பதே இதன் பொருள். அம்மா கேட்ட ஒரு வார்த்தை இதுதான்.

நினைவில் வைக்க வேண்டியவை:

1. பயிற்சிக்கு டேட்டா சேகரிக்கும்போதே அந்த ஐ.டி.யையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. அதே ஐ.டி. வந்தால் பீம் அமைப்பும் ஏறக்குறைய அதே என்று கொண்டு மாடலை நம்பலாம்.

3. ஐ.டி. மாறினால் பழைய மாடலை ஓரம் கட்ட வேண்டும். அந்த ஐ.டி.க்கு வேறு மாடல் இருந்தால் அதை எடுக்கலாம். இல்லையேல் பழையபடி எல்லா பீம்களையும் அளக்க வேண்டியதுதான்.

4. ஐ.டி. மாறாவிட்டாலும் அவ்வப்போது உண்மையாக அளந்து, கணிப்போடு ஒப்பிட வேண்டும்.

5. ஒரு செல்லின் ஐ.டி.யை அடுத்த செல்லுக்குச் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜூஜூவாடியில் நிற்கும் போன் தமிழ்நாட்டு டவரையும் பிடிக்கும், அத்திப்பள்ளிப் பக்கத்துக் கர்நாடக டவரையும் பிடிக்கும். ஓசூர் பஸ் நம்பரை வைத்துக்கொண்டு பெங்களூரில் ஏறினால் என்ன ஆகும்?

எப்போது மாற்றுவது?

சின்ன மாற்றத்துக்கெல்லாம் ஐ.டி.யை மாற்றினால், ஒவ்வொரு ஐ.டி.க்கும் கிடைக்கும் டேட்டா குறைந்துபோகும், மாடல் உருப்படாது. பெரிய மாற்றம் செய்தும் பேசாமல் இருந்தால் கணிப்பு கெட்டுவிடும். கணிப்பைக் கெடுக்கும் அளவு மாற்றமா என்று பார்த்துச் செய்வதே நிர்வாகம்.

நண்பர்களே! நாளைக்கு டவரில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பப் போகிறவர்கள் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான். போல்ட்டை முறுக்கிவிட்டு இறங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. மாற்றியதைப் பதிவு செய்தால்தான் மேலே உள்ளவர்கள் ஐ.டி.யை மாற்ற முடியும். நாம் சொல்லாமல் விட்டால், எங்கேயோ ஒருவர் தப்பான பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பார். அவர் கூடையில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.