சன்ரூஃப் ஒழுகினால் ரப்பரைத் திட்டாதீர்கள்

கார் கூரையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ரப்பர் போயிருச்சுங்க, சிலிகான் அடிச்சு மூடிடுங்க." பத்து வயதைத் தாண்டிய என் செடானுக்கும் அதே வைத்தியம்தான் சொன்னார்கள். சர்வீஸ் சென்டரில் ஒருபடி மேலே போய், ஃபிரேமோடு மொத்த செட்டையும் மாற்றச் சொன்னார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த தொகைக்கு ஒரு நல்ல பழைய பைக்கே வாங்கலாம். இரண்டுமே தேவைப்படவில்லை. வீட்டு வாசலில் வைத்தே சரிசெய்துவிட்டேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அந்த ரப்பர் தண்ணீரை முழுக்கத் தடுப்பதற்காக வைத்ததே அல்ல. கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும் என்று கணக்குப் போட்டு, கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஒரு வாய்க்கால் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அதன் மூலைக்கு ஒன்றாக நான்கு குழாய்கள் உண்டு. முன்னிரண்டும் விண்ட்ஷீல்டு ஓரத் தூண்களுக்குள் இறங்கி முன்கதவுக் கீல் பக்கம் வெளியேறும். பின்னிரண்டும் பின்தூண் வழியாகப் பின்சக்கரம், பம்பர் பக்கம் போகும். கூரை ஒழுகுகிறது என்றால் அநேகமாக இவற்றில் ஒன்று அடைத்திருக்கிறது.

நம்ம கோவையில் அடைக்க எவ்வளவோ இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து வேப்பமரத்தடியிலும் புளியமரத்தடியிலும் நிறுத்துகிறோம். அந்த இலைகள் அளவெடுத்தது போல் குழாய் வாய்க்குள் போகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியையும் கொண்டுவந்து சேர்க்கிறது. இலையும் தூசியும் ஊறிச் சேறாகி உட்கார்ந்திருப்பது ஐப்பசி மழையில்தான் தெரியவரும்.

சன்ரூஃபைத் திறந்து, வாய்க்காலின் ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். உடனே கீழே கொட்டினால் அந்தக் குழாய் நன்றாக இருக்கிறது. தேங்கி நின்றால், புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் நைலான் நரம்பை எடுத்து, நுனியை நெருப்பில் காட்டி மழுங்கடித்து உள்ளே விடுங்கள். கம்பி வேண்டாம், குழாயைக் கிழித்துவிடும். பஞ்சர் கடைக் காற்றும் வேண்டவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் குழாய் தூணுக்குள்ளேயே கழன்றுகொண்டால், உள்கூரைத் துணியை இறக்காமல் திரும்ப மாட்ட முடியாது.

என் காரில் இன்னொரு வேலையும் இருந்தது. மூடும்போது 'கடக்' என்று சத்தம் கேட்டு, கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இப்படி நடுவில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் உள்விளக்கின் மூடியைக் கழற்றினால் மோட்டாரில் ஒரு துளை தெரியும். அதில் ஆலன் கீயை விட்டுக் கையாலேயே சுற்றி மூடலாம். எதையும் பிரிப்பதற்கு முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். கூரை ஓரத்தில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிற கார் என்றால் அந்தப் பக்கம் கை வைக்காதீர்கள்.

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோது, தண்டவாளத்தில் கண்ணாடியைத் தாங்கி ஓடுகிற பிளாஸ்டிக் கட்டை ஒரு பக்கம் உடைந்திருந்தது. உக்கடம் பழைய சாமான் கடைகளில் கிடைத்திருக்கும். ஆனால் அதுவும் அதே வயது, அதே வெயில் தின்ற பிளாஸ்டிக். எனவே கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். "ஏனுங் தம்பி, இத்துனூண்டு துண்டுக்கா முழு செட்டு மாத்தோணும்னாங்க? குடுங்க, டெல்ரின்ல போட்டுக்கலாம்" என்றார் பட்டறைக்காரர். டெல்ரின் என்பது லேத்தில் கடையக்கூடிய உறுதியான பிளாஸ்டிக். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-லேயே உள்நாட்டில் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. இங்கே இருந்துகொண்டு ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக மொத்த செட்டையும் குப்பையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டறைக்குப் போகும்போது உடையாத பக்கத்துக் கட்டையையும் கொண்டுபோங்கள். ஆனால் இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பம் போல மாறி இருக்கும், அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அளவைத் தேய்ந்த கட்டையிலிருந்து எடுக்காமல், தண்டவாளப் பள்ளத்தில் வெர்னியர் வைத்து எடுக்க வேண்டும். வெயிலில் பிளாஸ்டிக் விரியும் என்பதால் மயிரிழை இடைவெளியும் வேண்டும்.

பலர் கோட்டை விடுவது திரும்ப மாட்டுகிற இடத்தில். கண்ணாடியை இரண்டு கேபிள்கள் இரு பக்கமும் சேர்ந்து தள்ளுகின்றன. ஒன்று மற்றதைவிட ஒரு பல் முந்தினாலும் கண்ணாடி கோணலாக ஓடி, புதுக் கட்டையையும் உடைத்துவிடும். மோட்டாரைக் கழற்றுமுன் இரு பக்கமும் மார்க்கரால் குறித்து வையுங்கள். பழைய கிரீஸைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, சிலிகான் கிரீஸை லேசாகப் பூசினால் போதும். பேரிங் கிரீஸில் தூசி ஒட்டி அரத்தைப் போல ராவும், ரப்பரும் உப்பிப்போகும்.

கடைசியாகக் கண்ணாடியின் உயரம். முன்விளிம்பு கூரைக்குச் சமமாகவோ 1 மி.மீ.க்குள் தாழ்ந்தோ இருக்கட்டும். பின்விளிம்பு அதே அளவு உயர்ந்திருக்கலாம். மாறி இருந்தால் அவிநாசி ரோட்டில் வேகமெடுத்ததும் காற்று ஊளையிடும். பேட்டரியை மாட்டியபின் மோட்டாருக்குத் திறப்பு, மூடல் எல்லைகளை மறுபடி பழக்க வேண்டியிருக்கும். எந்தப் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது காருக்குக் கார் மாறும், மேனுவலைப் பாருங்கள்.

கண்ணாடியில் விரிசல், ஃபிரேமில் துரு, கூரை முழுக்க விரிந்த பனோரமிக் சன்ரூஃப் என்றால் விவரமான ஆளிடம் விடுவதே நல்லது. குழாய் சுத்தம் செய்வதையாவது புரட்டாசிக்குள் நீங்களே முடித்துவிடுங்கள். சன்ரூஃப் உள்ள பழைய கார் வாங்கப் போகிறவர்கள், கண்ணாடியைச் சுற்றி சிலிகான் பூசிய கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முன்சீட்டுக் கார்ப்பெட்டைத் தூக்கி ஈரமும் துருவும் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.