வென்றவன் ஊர் யாது?

சங்கப் புலவருள் ஒருவராகிய நக்கண்ணையார், மற்போர் ஒன்றனைப் பற்றிப் புறநானூற்றிலே பாடியுள்ளார். ஆமூர் மல்லனோடு பொருதவன் சோழர் குடியிற் பிறந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அவனுக்கு அது சொந்த ஊருமன்று, சொந்த நாடுமன்று. ஆதலின், காண நின்றோருள் ஒரு சாரார் வெற்றி அவனதே என்றனர். மற்றொரு சாரார் அன்று என மறுத்தனர். புலவரோ பனையடியிலே நின்று, அவனது வெற்றியைத் தம் கண்ணாற் கண்டதாகக் கூறுகின்றார். அவர் அவன்பாற் காதல் கொண்டவர் என்பது உண்மையே. ஆயினும், ஊரும் நாடும் பற்றிய எண்ணம் ஆட்டத்தைக் காணும் கண்ணை மறைக்கும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

பல நூற்றாண்டுகள் கழிந்தும் அந்நோய் தீர்ந்திலது. ஒலிம்பிக் போட்டிகள் வீரர்களுக்கிடையே நிகழ்வனவேயன்றி நாடுகளுக்கிடையே நிகழ்வன அல்ல என்று ஒலிம்பிக் சாசனம் தெளிவாகக் கூறுகின்றது. பத்திரிகைகளோ எந்நாட்டுக்கு எத்தனை பதக்கம் என்னும் பட்டியலையே நாடோறும் முன்வைக்கின்றன. இவ்விரண்டனுள் நாம் கொள்ளத்தக்கது யாது என்பதை மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, 1956ஆம் ஆண்டு மெல்போனில் நடந்தது. அவ்வாண்டு அங்கெரி மக்களின் எழுச்சியைச் சோவியத்துப் படைகள் அடக்கியிருந்தன. டிசம்பர் 6ஆந் திகதி அவ்விரு நாட்டு நீர்ப்பந்தாட்டக் குழுக்களும் எதிர்த்து ஆடியபோது அடியும் உதையும் மிகுந்தன. அங்கெரி வீரர் ஒருவர் முகத்தில் இரத்தம் வழிய நீரினின்று வெளியேறினார். இரண்டு நாட்களின் பின் நிறைவு விழா. அந்நகரில் வாழ்ந்த சீன வழித்தோன்றலாகிய ஜோன் இயன் விங் என்னும் இளைஞர், வீரர்கள் நாடு நாடாகப் பிரியாது ஒருங்கு கலந்து நடத்தல் வேண்டும் என அமைப்பாளருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவ்வேண்டுகோள் ஏற்கப்பட்டது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் நிலவுகின்றது.

இரண்டாவது, 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்தது. 10,000 மீற்றர் ஓட்டத்தில் நம் நாட்டு ரணதுங்க கருணானந்த 67ஆம் இலக்கம் அணிந்து ஓடினார். ஏனையோர் ஓடி முடித்த பின்னரும் அவர் தனியே சுற்றிச் சுற்றி ஓடினார். முதலில் நகைத்த கூட்டம் பின்னர் மௌனமாயிற்று. ஈற்றிலே பெருங்கரகோஷஞ் செய்தது. அவர் கதை யப்பானியப் பாடநூலிலும் இடம்பெற்றது. பதக்கப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. யப்பானியர் போற்றியது ஒரு நாட்டையன்று. மேற்கொண்டதை இடையில் விடாத ஒரு மனிதனை.

மூன்றாவது நம் நெஞ்சுக்கு மிக அணித்தானது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 6 அடி 8 அங்குலம் பாய்ந்து தங்கப்பதக்கம் பெற்றார். அவ்விழாக்களில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. விழா மே 24 முதல் யூன் 1 வரை நிகழ்ந்தது. அம்மே மாதத்திலேதான் இங்கு இனக்கலவரம் மூண்டு, அவர் மொழி பேசும் மக்கள் உயிரும் உடைமையும் இழந்து அகதிகளாயினர். அங்கே அவர் வெற்றிக்காக நாட்டின் கொடி ஏறிற்று. இங்கே அவர் இனத்தவர்க்கு அக்கொடி நிழல் தரவில்லை. கொடியை மட்டுமே போற்றுவோர் இதற்கு யாது விடை பகர்வர்? அப்பாய்ச்சலின் பெருமை கொடியிடம் இரவல் பெற்றதன்று. அவரது அயராப் பயிற்சி ஈட்டியது.

அங்ஙனமாயின் நாட்டுப்பற்றுக் குற்றமோ எனின், அன்று. நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டில் டங்கன் வைற் இலண்டனில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் வென்றபோது மக்கள் மகிழ்ந்தமை முறையே. அதற்காக அவரை முந்திய றோய் கொக்ரனை இகழவேண்டியதில்லை. பற்று வேறு, பகை வேறு. நாட்டின் பெயரே பெரிதாகுமிடத்து வீரன் வெறுங் கருவியாவான். கிழக்கு யேர்மனி 1970களிலும் 1980களிலும் தன் இளம் வீரர் பலருக்கு அவர் அறியாமலே ஊக்கமருந்து கொடுத்தது. பதக்கம் அரசுக்காயிற்று, நோய் அவர்க்காயிற்று.

இது தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. இல்ல விளையாட்டுப் போட்டியில் மாற்று இல்லத்தான் முந்தும்போது மாணவர் கைகள் மடியிலே கிடப்பதைப் பலகாலும் கண்டுள்ளோம். மாணவராயிருந்த காலத்து யாமும் அவ்வாறே இருந்தோம்; இன்று அதை நினைந்து நாணுகின்றோம்.

ஆதலின் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். அடுத்த போட்டியில் முதலில் வந்தவன் பெயரையும் இறுதியில் வந்தவன் பெயரையும் கேட்டறியுங்கள். இருவர்க்கும் கைதட்டுங்கள். அதன் பின்னர், வேண்டுமாயின், அவர்கள் எவ்வில்லத்தவர் என வினவுங்கள்.