மச்சம் பார்ப்போம், ஜோசியத்துக்கு அல்ல!



"உள்ளங்காலில் மச்சம் இருந்தா ஊர் ஊராச் சுத்துவாங்க" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாற்றுச் சான்றிதழில்கூட அங்க அடையாளமாக மச்சத்தைத்தான் எழுதுகிறோம். ஆனால் மச்சத்தைக் கவனிக்க இன்னொரு முக்கியமான காரணம் இருக்கிறது.

மச்சம் என்றால் என்ன?

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் அது மச்சம். பெரும்பாலான மச்சங்கள் ஒன்றும் செய்யாது. மிக அரிதாக அந்தச் செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகும். அதுதான் மெலனோமா என்ற தோல் புற்றுநோய். மச்சமே இல்லாத இடத்திலும் இது புதிதாக வரலாம்.

கேட்க வேண்டிய 5 கேள்விகள்:

1. நடுவில் கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருக்கிறதா?
2. ஓரம் கோணல்மாணலாக இருக்கிறதா?
3. ஒரே மச்சத்தில் கருப்பு, பழுப்பு, சிவப்பு என்று பல நிறமா?
4. 6 மி.மீ.க்கு மேல், அதாவது பென்சிலின் அடிப்பாகத்தை விடப் பெரிதா?
5. சமீபத்தில் வளர்ந்ததா, நிறம் மாறியதா, அரிக்கிறதா, ரத்தம் வருகிறதா?

இதில் 5-வது கேள்விதான் மிக முக்கியம்.

எங்கே பார்ப்பது?

நம்மைப் போன்ற மாநிற, கருப்புத் தோல்காரர்களுக்கு இந்த நோய் குறைவு. ஆனால் வந்தால், வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் பெருவிரல் நகத்தடியில் இது இருப்பது தெரிந்தது. முதலில் கால்பந்து விளையாடிய காயம் என்று நினைத்தார்களாம். 1981-ல் 36 வயதிலேயே இறந்துவிட்டார்.

இதைப் படித்த அன்றே எங்க ஆச்சியின் காலைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் கருப்பாக ஒன்று! "வயல்ல முள்ளு குத்தினதுட்டீ, சுண்ணாம்பு வச்சாச் சரியாயிரும்" என்றாள். நான் விடவில்லை. அப்பா தென்காசி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, "கால் ஆணிதான், பயப்படாதீங்க. ஆனா வந்து காட்டினது நல்லது" என்றார். அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

செய்யக் கூடாதவை: சுண்ணாம்பு வைத்துச் சுடுவது, குதிரை முடி கட்டுவது, பிளேடால் அறுப்பது. ஆறாத புண், நகத்தில் புதிதாக வரும் கருப்புக் கோடு இவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சை செய்து குணமாக்கலாம்.

அடுத்த சாரலில் குற்றாலத்தில் குளித்துவிட்டுக் கால் துடைக்கும்போது உள்ளங்காலையும் ஒரு நிமிஷம் பாருங்க. வெறுங்காலோடு வயல் வேலை செய்யும் தாத்தா, ஆச்சி காலையும் பாருங்க. அவர்களால் குனிந்து பார்க்க முடியாது, நம்மால் முடியும்.

வருமுன் காப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி