தானே கற்கும் பிள்ளை

தானே கற்றல் என்றால் பிள்ளையைத் தனியே விட்டுவிடுதல் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. வீட்டில் புத்தகமும் சொல்லித்தர ஆளும் உள்ள பிள்ளை எப்படியும் கற்றுக்கொள்ளும். பெற்றோர் விடியுமுன் தோட்ட வேலைக்குச் சென்றுவிடும் பிள்ளைக்கோ அது கைவிடுதலே ஆகும்.

இடுக்கி மாவட்டத்துக் காந்தலூர், தமிழும் மலையாளமும் முதுவர் பேச்சும் ஒலிக்கும் மலையூர். என் குடும்பமும் பிழைப்புத் தேடி இங்கு வந்ததே. ஆசிரியர் சொல்லும் ஒரு சொல்லை ஒரு பிள்ளை வீட்டிலேயே கேட்டிருக்கும். அடுத்த பிள்ளை அன்றுதான் கேட்கும். பெற்றோருடன் வேலையிடம் மாறும் பிள்ளை சில வாரங்கள் கழித்துத் திரும்பினால், பாடம் அதனை விட்டு முன்னே போயிருக்கும். பள்ளியை வெறுப்பது இங்கேதான் தொடங்குகிறது.

இக்குறைக்கு ஆந்திரத்து ரிஷிவேலிக் கிராமப் பள்ளிகள் ஒரு வழி கண்டன. பாடத்தைச் சிறு படிகளாகப் பகுத்து, படிதோறும் அட்டைகள் அமைத்தனர். பிள்ளை ஏணிப் படத்தில் தன் படியைக் கண்டு, உரிய அட்டையைத் தானே எடுக்கும். விடுப்பில் சென்ற பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரும். இம்முறையே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ எனத் தொடங்கி, 2007-08இல் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

இதில் ஆசிரியர்க்கு வேலை இல்லை என்பாரும் உளர். அஃது உண்மையன்று. முதலில் ஆசிரியர் துணை, பின்னர்த் தோழர் துணை, இறுதியில் தனிமுயற்சி என உதவி படிப்படியாகக் குறைவதே இம்முறையின் உயிர். மொழியிலும் இவ்வாறே. 2017இல் எறணாகுளம் மாவட்டத்தில் தொடங்கிய ரோஷ்ணி திட்டம், வடமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்தம் தாய்மொழி வழியே மலையாளத்தைக் கற்பித்தது. தெரிந்த மொழியே தெரியாத மொழிக்குப் படி.

நண்பர்களே, நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு வகுப்பின் ஒரு கணக்குப் பகுதிக்குப் பத்து அட்டைகள் எழுதலாம். சான்றாக, 27உடன் 5ஐக் கூட்டவேண்டும். பத்துக் குச்சிகள் சேர்ந்தால் ஒரு கட்டு. இரண்டு கட்டும் ஏழு குச்சியும் வைத்து, ஐந்து குச்சிகளைச் சேர்த்தால் புதிய கட்டு ஒன்று உருவாகும். மூன்று கட்டும் இரண்டு குச்சியும், அதாவது 32, கிடைக்கும். முன்பக்கத்தில் படம், தமிழிலும் மலையாளத்திலும் இரண்டிரண்டு சொற்கள், பின்பக்கத்தில் விடை. தன் பிழையைப் பிள்ளை தானே காணும். 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றிய மரியா மாண்டிசோரி அம்மையாரும், பிழையைக் கற்கும் பொருளே காட்டவேண்டும் என்று வற்புறுத்தினார்.

அட்டைகளைப் பள்ளி ஆசிரியரோடு கூடியிருந்தே எழுதவேண்டும். அவரிடமே ஒப்படைக்கவும் வேண்டும். நாம் விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பிவிடுவோம். அவரும் பிள்ளைகளும் அங்கேயே இருப்பர்.