அக்கி: தோல் ஆறிவிடும், நரம்பு?

சட்டைத் துணி பட்டாலே சுரீரென்று எரிகிறது. விலாவில் ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டு வெட்டி இழுக்கிறது. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் தோலில் ஒரு கீறல்கூட இல்லை. மாரடைப்போ என்று பயந்து நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். இ.சி.ஜி. நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல். ‘கேஸ் டிரபிள்’ என்று ஊசி போட்டு அனுப்புகிறார்கள். வலி நின்றபாடில்லை. மறுநாள் வேறு டாக்டர், வேறு ஸ்கேன், வேறு காரணம். நாலைந்து நாள் கழித்து அதே இடம் சிவந்து, கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளம் கிளம்பும்போதுதான் வீட்டுக்கு வந்த யாரோ ஒருவர் பார்த்துவிட்டு, “அட, இது அக்கில்ல!” என்கிறார்.

நோய்க்குப் பெயர் கிடைத்ததும் அடுத்த குழப்பம் ஆரம்பிக்கிறது. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இந்த நோயில் வைத்தியத்துக்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. அந்த அவகாசத்தைத் தின்றுவிடும் நம்பிக்கைகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: உடம்புச் சூடு ஏறினால் அக்கி வரும். பூச்சி எச்சம் பட்டாலும் வரும்.

உண்மை: அக்கிக்குக் காரணம் ஒரு வைரஸ். அதுவும் புதிதாக வெளியிலிருந்து வந்த வைரஸ் இல்லை. சின்ன வயதில் சின்னம்மை வந்ததே, அதே வைரஸ்தான். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் போய் ஒடுங்கிவிடுகிறது. வயது ஏறி எதிர்ப்புச் சக்தி தளரும்போது, அல்லது சர்க்கரை, புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு மாத்திரை, எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் உடம்பின் காவல் குறையும்போது, ஏதோ ஒரு நரம்பில் மட்டும் விழித்துக்கொண்டு அந்த நரம்பின் வழியே தோலை நோக்கி வருகிறது. கொப்புளம் ஒரு பக்கமாக, பட்டை போட்டதுபோல் வருவது இதனால்தான்.

இதைக் கண்டுபிடித்த கதையில் எனக்குப் பிடித்த பகுதி, அதில் ஒரு சாதாரணக் குடும்ப டாக்டருக்கு இருக்கும் பங்கு. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்துவந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பல ஆண்டுகள் பொறுமையாகக் குறித்துவைத்து, அம்மை வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்துதான் பின்னால் அக்கியாக வெளிப்படுகிறது என்று 1965-இல் எழுதினார். இரண்டும் ஒரே வைரஸ் என்பதை 1950-களிலேயே அமெரிக்காவில் தாமஸ் வெல்லர் ஆய்வுக்கூடத்தில் காட்டியிருந்தார். அமெரிக்கக் கணக்குப்படி மூன்று பேரில் ஒருவருக்கு ஆயுளில் ஒருமுறையாவது அக்கி வருகிறது. அபூர்வ நோயும் இல்லை, யாருடைய தப்பும் இல்லை.

நம்பிக்கை: முதலில் பார்த்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. காசுக்காக டெஸ்ட் எழுதிவிட்டார்.

உண்மை: வலியில் துடிப்பவருக்கு இந்தக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அக்கியில் வலி முந்திக்கொள்ளும், கொப்புளம் பிந்தி வரும். இடையில் இரண்டு மூன்று நாள் போகலாம், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். அந்த நாட்களில் இடது மார்பில் வலித்தால் அது மாரடைப்பு போலவே இருக்கும். வலது விலாவில் என்றால் பித்தப்பை, இடுப்புப் பக்கம் என்றால் சிறுநீரகக் கல், தாடையில் என்றால் சொத்தைப் பல். கொப்புளம் இல்லாத நிலையில் ‘அக்கிதான்’ என்று அடித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

எங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். வலது மார்புக்குக் கீழே வலி, மூச்சை இழுத்துவிட்டால் எரிச்சல். இதயத்தில் கோளாறு இல்லை என்றார்கள். ஸ்கேனில் பித்தப்பையில் சின்னதாக ஒரு கல் தெரிந்தது. கல்தான் காரணம், ஆபரேஷன் செய்துவிடலாம் என்று ஒருவர். கல் பல வருஷமாக இருந்திருக்கும், அது இப்படி வலிக்காது என்று இன்னொருவர். கையில் மூன்று பிரிஸ்கிரிப்ஷன், மூன்றிலும் வெவ்வேறு வலி மாத்திரை. எதைச் சாப்பிடுவது, எதை நிறுத்துவது என்று கேட்க ஆளில்லை. ரவிக்கை போடக்கூட முடியாமல் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் காலையில் மருமகள் முதுகைத் துடைத்துவிடும்போதுதான் கேட்டாள்: “அத்தே, வேர்க்குரு மாதிரி வரிசையா இருக்கே, அரிக்குதா?”

அரிக்கவில்லை, எரிந்தது. அதுதான் துப்பு. ஒரே பக்கம், துணி பட்டாலே தாங்க முடியாத எரிச்சல், அந்த இடத்துத் தோலில் ஒரு மதமதப்பு. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால், தினம் காலையும் மாலையும் நல்ல வெளிச்சத்தில் முதுகுப் பக்கம் உள்பட யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். முதல் சிவப்பு தெரிந்தவுடன் டாக்டரிடம் திரும்பிப் போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளோடு, எந்தெந்த மாத்திரை எத்தனை வேளை சாப்பிட்டோம் என்று ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நாலு கைமாறிய நோயாளிக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். நெஞ்சு வலித்தால் ‘அக்கியாக இருக்கும்’ என்று வீட்டில் காத்திருக்கவே கூடாது. முதலில் இ.சி.ஜி.தான். அது நார்மல் என்று வந்தால் அந்தச் செலவு வீண் இல்லை.

நம்பிக்கை: அக்கி எழுதினால் போதும். மருந்து மாத்திரை தேவையில்லை.

உண்மை: மண்பாண்டம் செய்பவர்களிடம் போய் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. காவியைத் தண்ணீரில் குழைத்துக் கொப்புளம் வந்த இடத்தில் எழுதுவார்கள். சில இடங்களில் சிங்கம்கூட வரைவார்கள். எழுதுபவர் பெரும்பாலும் காசுக்காகச் செய்வதில்லை. தலைமுறையாக வந்த கடமையாகவே செய்கிறார். எழுதிக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கொப்புளம் வற்றி, பக்கு விழுந்து, ஆறியும் போகிறது. அதனால் நம்பிக்கை வலுக்கிறது.

ஆனால் எழுதாவிட்டாலும் அது ஆறியிருக்கும். மருந்தே போடாவிட்டாலும் அக்கிக் கொப்புளம் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். மருந்து கொடுப்பது தோலுக்காக மட்டும் அல்ல. உள்ளே நரம்பைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும் வைரஸ் பெருகாமல் தடுப்பதற்காக. தோல் ஆறியதைப் பார்த்து நோய் போய்விட்டது என்று நினைப்பதில்தான் எல்லாத் தவறும் ஆரம்பிக்கிறது.

அந்த வைரஸைத் தடுக்கும் மாத்திரை அசைக்ளோவிர். இந்த வகை மருந்துகளுக்கு வழிதிறந்த ஆராய்ச்சிக்காரர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். வழக்கமான அளவு 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். ஐந்து வேளை முடியாதவர்களுக்கு மூன்று வேளையாகச் சாப்பிடும் வேலாசைக்ளோவிர் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்கவேண்டும் என்பதால் கடையில் நேராக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இந்த மருந்தை முதல் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது மிக நல்லது. கவனியுங்கள், கணக்கு வலி தொடங்கிய நேரத்திலிருந்து அல்ல, கொப்புளம் தெரிந்ததிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், எழுதுபவர் ஊரிலிருந்து வரட்டும், மூன்று தடவை எழுதி முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த 72 மணி நேரம் போயே போய்விடும். எழுதிக்கொள்வது மனசுக்கு ஆறுதல் என்றால் நான் தடுக்கமாட்டேன். மாத்திரையை முதலில் ஆரம்பித்துவிடுங்கள். உடைந்த கொப்புளத்தின் மேல் எதையும் பூசாதீர்கள். காவிக்கும் இது பொருந்தும்.

நேரம் தவறிவிட்டது என்று போகாமலும் இருந்துவிடாதீர்கள். புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தாலோ, கண் பக்கம் பரவியிருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தாலோ தாமதமாகவும் மருந்து தொடங்குவார்கள்.

முகத்தில் வந்தால் இன்னும் அவசரம். நெற்றியிலோ இமையிலோ வந்தால், குறிப்பாக மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் தெரிந்தால், கண்ணுக்குள்ளும் நோய் இறங்க வாய்ப்பு அதிகம். அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்கவேண்டும், விட்டால் பார்வைக்கே ஆபத்து. காதில் கொப்புளமும் வாய் கோணலும் சேர்ந்து வந்தால் பக்கவாதம் என்று வீடே கலங்கிவிடும். அது முக நரம்பைத் தாக்கிய அக்கியாக இருக்கலாம். 2022-இல் பாடகர் ஜஸ்டின் பீபர் பாதி முகம் அசையாமல் போனதை வீடியோவில் காட்டினாரே, அதே ராம்சே ஹன்ட் நோய். எதுவாக இருந்தாலும் வாய் கோணினால் உடனே ஆஸ்பத்திரிதான்.

நம்பிக்கை: கடையில் களிம்பு வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்.

உண்மை: வைரஸ் நரம்பில் இருக்கிறது. மேலே தடவும் அசைக்ளோவிர் களிம்பு அங்கே எட்டாது, அக்கிக்கு அதனால் பயனில்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. புண்ணில் சீழ் பிடித்தால் மட்டுமே அது தேவைப்படும்.

நம்பிக்கை: அக்கி உடம்பைச் சுற்றி, தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் உயிர் போய்விடும்.

உண்மை: ஒரு பக்கத்து நரம்பு அந்தப் பக்கத்துத் தோலுக்கு மட்டும்தான் போகிறது. அதனால் பட்டை நடுக்கோட்டோடு நின்றுவிடும். இரண்டு பக்கமும் வருவது மிக அபூர்வம், வந்தாலும் சுற்றி முட்டிக்கொள்வதால் யாரும் சாவதில்லை. உடம்பெங்கும் சிதறினாற்போல் கொப்புளம் வந்தால்தான் கவலைப்படவேண்டும், அது எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்திருப்பதைக் காட்டும்.

நம்பிக்கை: சீட்டில் ‘ஹெர்ப்பீஸ்’ என்று இருக்கிறது, அது கெட்ட சகவாசத்தால் வரும் நோய்.

உண்மை: இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையே வந்திருக்கிறது. அக்கிக்கு மருத்துவத்தில் ‘ஹெர்ப்பீஸ் ஜாஸ்டர்’ என்று பெயர். உடலுறவால் தொற்றும் ஹெர்ப்பீஸ் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸ். இளவயதில் அக்கி வந்தால் டாக்டர் சர்க்கரையோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் எழுதலாம். எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்று தெரிந்துகொள்ளும் முறை அது, உங்கள் நடத்தை மேல் சந்தேகம் அல்ல.

நம்பிக்கை: தொட்டால் ஒட்டிக்கொள்ளும். குளிக்கவும் கூடாது.

உண்மை: அக்கி இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றாது. ஆனால் கொப்புளத்து நீர் பட்டால், அம்மையும் வராத, அம்மைத் தடுப்பூசியும் போடாதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். கைக்குழந்தைகளும், அம்மை வராத கர்ப்பிணிகளும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கொப்புளம் பக்கு விழும்வரை விலகியிருக்கட்டும். புண்ணைத் தளர்வான பருத்தித் துணியால் மூடியிருந்தால் மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், சேர்ந்து சாப்பிடலாம். நோயாளி தினமும் குளிக்கலாம், குளிக்கவும் வேண்டும். தேய்க்காமல் துணியை ஒற்றித் துடைத்தால் போதும். பத்தியம் என்று வயிற்றைக் காயப்போடவும் வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் பட்டினி கிடந்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழலாம்.

நம்பிக்கை: புண் ஆறி மாசக்கணக்காகிறது. இன்னும் வலிக்கிறது என்பது மனப்பிரமை.

உண்மை: இதைக் கேட்டால் எனக்குக் கோபமே வரும். வடு மங்கிப்போன இடத்தில் மின்விசிறிக் காற்று பட்டால்கூட எரிகிறது என்று ஒரு மூதாட்டி சொன்னால், வீட்டில் யாரும் நம்புவதில்லை. ‘எப்பப் பார்த்தாலும் வலி வலின்னு’ என்று முகம் சுளிக்கிறார்கள். அவர் சொல்வது நிஜம். புண்பட்ட நரம்பு, காரணமே இல்லாமல் வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அக்கி வந்தவர்களில் சுமார் 10 முதல் 18 சதவீதம் பேருக்கு இந்த நீடித்த வலி வருகிறது என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்கு. வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. மூன்று மாதத்துக்கு மேலும் நீடித்தால் அதை அக்கிக்குப் பிந்திய நரம்பு வலி என்று தனி நோயாகவே பார்க்கிறார்கள்.

சாதாரண வலி மாத்திரை இதற்குச் சரியாகக் கேட்காது. கேட்கவில்லையே என்று புருஃபனை அள்ளி விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். நரம்பு வலிக்கென்றே கேபாபென்டின், பிரிகேபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள். தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் வரலாம் என்பதால் வயதானவர்கள் ராத்திரி எழுந்து நடக்கும்போது கூட ஆள் இருக்கவேண்டும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு ‘இதுவும் கேட்கல’ என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் அதோடு சரி, ‘எனக்கென்ன பைத்தியமா’ என்று மாத்திரை குப்பைக்குப் போய்விடுகிறது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் அளவு பொதுவாக மிகக் குறைவு. அது எதற்காக எழுதப்பட்டது என்று டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்பிக்கை: ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி வராது.

உண்மை: பெரும்பாலோருக்கு வருவதில்லை, சிலருக்கு வருகிறது. வைரஸ் உடம்பை விட்டு எப்போதும் வெளியேறுவதில்லை. தடுப்பூசி உண்டு. ஷிங்ரிக்ஸ் என்ற அந்த ஊசி அமெரிக்காவில் 2017-இல் அனுமதிக்கப்பட்டது, இந்தியாவுக்கு 2023-இல் வந்தது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. பெரிய சோதனைகளில் அக்கியைத் தடுப்பதில் 90 சதவீதத்துக்கு மேல் பலன் தெரிந்தது. போட்டபின் ஒன்றிரண்டு நாள் கைவலி, காய்ச்சல், அசதி இருக்கலாம். உயிருள்ள வைரஸ் அதில் இல்லை. ஏற்கெனவே அக்கி வந்தவர்களும், அது முழுக்க அடங்கியபின் போட்டுக்கொள்ளலாம். அக்கி இருக்கும்போது அது மருந்தாகாது. அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை, விலையும் எல்லோருக்கும் கட்டுப்படியாகிற விலை இல்லை. அசைக்ளோவிர் அப்படி அல்ல. நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து அது. முதல் கொப்புளத்தைப் பார்த்தவுடன் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள்.