பரணில் பழைய துப்பாக்கித் தோட்டாக்கள் கிடைத்தால்...

மலையடிவாரக் கிராமங்களில் ஒரு காலத்தில் பயிர்க்காவலுக்கென்று உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. நிலக்கடலை, மரவள்ளி, மக்காச்சோளம் ஆகியவற்றைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க, குழல் வாயில் மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கியோ, நடுவில் மடித்துத் தோட்டா போடும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கியோ வாங்கினார்கள். காப்பி, ஏலத் தோட்டங்களிலும் இவை இருந்தன. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கியைத் தனியாகக் குறிப்பிடுகிறது.

உரிமம் பெற்ற பெரியவர் காலமானதும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஆனால் தகர டப்பாவிலோ டிரங்குப் பெட்டியிலோ அவர் போட்டுவைத்த பத்துப் பன்னிரண்டு தோட்டாக்களை யாரும் நினைப்பதில்லை. இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போதோ பரணைச் சுத்தம் செய்யும்போதோ அவை கண்ணில் படுகின்றன. அப்போது என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதை உழவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

பழையது என்பதால் செத்துப்போனது அல்ல

பத்தாண்டுக்கு முந்தைய விதை முளைக்காது. விதைத்தவருக்கு நஷ்டம், அவ்வளவுதான். தோட்டாவையும் பலர் அப்படியே எண்ணிக்கொள்கிறார்கள். இது தவறு. தோட்டாவின் அடியில் பித்தளைத் தொப்பி இருக்கும். அதன் நடுவே சிறு கேப்பு. கேப்பில் உள்ள மருந்து அடிபட்டால் தீப்பொறி கிளப்பும். அதற்கு மேல் வெடிமருந்து, அதன் மேல் அட்டை அல்லது கம்பளி அடைப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஏறக்குறைய 30 கிராம் ஈய ரவைகள். இவற்றை மூடியிருக்கும் குழாய் பழைய தோட்டாக்களில் மெழுகிட்ட காகிதம், பின்னாளில் வந்தவற்றில் பிளாஸ்டிக். நம் நாட்டுப் படைக்கலத் தொழிற்சாலைத் தயாரிப்பான 'சக்திமான்' தோட்டாக்களும், அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து வந்த 'எலி-கைனாக்' தோட்டாக்களும் பழைய வீடுகளில் கிடைக்கக் கூடியவை.

உள்ளே இருக்கும் புகையற்ற மருந்தின் மூலப்பொருள் பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு என்றால் நம் உழவர்கள் வியப்படையக் கூடும். அதை அமிலத்தில் பக்குவப்படுத்திச் செய்கிறார்கள். இந்த மருந்து ஆண்டுகள் செல்லச்செல்லத் தானாகவே மெல்லச் சிதையும். சிதைவைத் தடுக்க ஒரு நிலைநிறுத்திப் பொருள் சேர்த்திருப்பார்கள். அதுவும் காலப்போக்கில் தீர்ந்துவிடும். தகர ஓட்டின் கீழே கோடை வெப்பமும், மழைக்காலத்து ஈரமும் மாறிமாறித் தாக்கும்போது சிதைவு விரைவாகிறது. பித்தளையில் பச்சைக்களிம்பு ஏறுவது, காகிதம் உப்புவது, காரநெடி வீசுவது ஆகியவை கெட்டுவிட்டதன் அடையாளங்கள். இவ்வடையாளங்கள் இல்லாததால் நல்ல தோட்டா என்று தீர்மானித்துவிடக் கூடாது. ஒரே டப்பாவில் உள்ள தோட்டாக்களில் சில வெடிக்காமல் போகலாம், சில பாதி வலுவில் வெடிக்கலாம், சில முழு வலுவோடு வெடிக்கலாம். எது எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

பாதி வலுவில் வெடிப்பதுதான் மிகவும் மோசம். அடைப்பு குழலின் நடுவிலேயே தங்கிவிடும். சுட்டவருக்கு அது தெரியாது. அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுடும்போது குழல் வெடித்துக் கைவிரல்களைக் கொண்டுபோகும். ஆகவே "சுட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்" என்ற யோசனை அறவே கூடாது.

வீட்டிலேயே மருந்து அடைத்த தோட்டாக்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க, சுட்ட பித்தளைக் கூடுகளில் கரிமருந்தை அளவின்றி நிரப்பி, துண்டு ஈயத்தைப் போட்டு மூடி வைத்தவர்கள் சிலர். கரிமருந்து சிறு பொறிக்கே பற்றும். என்ன போட்டார், எவ்வளவு போட்டார் என்பது போட்டவரோடு போய்விட்டது. இவற்றைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

கேப்பின் நடுவே சிறு பள்ளம் இருந்தால் அது சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டா என்று சிலர் சொல்வார்கள். இதுவும் முழு உண்மையல்ல. ஊசி அடித்தும் வெடிக்காமல் போன தோட்டாவிலும் அதே பள்ளம் இருக்கும். வாய் மூடியிருந்தால் உள்ளே மருந்து இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

கிராமத்துக் கைவைத்தியங்கள்

மண்ணெண்ணெயில் ஊறப்போடுவது, தண்ணீர் வாளியில் போட்டு வைப்பது, கிணற்றில் எறிவது, வயல் மூலையில் புதைப்பது, குப்பையோடு கொளுத்துவது என்று ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள். நனைந்த மருந்து காய்ந்ததும் மீண்டும் பற்றக் கூடும். நெருப்பில் போட்டால் ரவை அதிகத் தூரம் போகாது என்றாலும், பித்தளைத் தொப்பியும் கேப்பும் தெறித்துக் கண்ணைப் பறிக்கும். புதைத்தால் நாளை அந்த இடத்தில் கலப்பை ஓடும். வெளிப்படும் ஈய ரவையைக் கோழியும் வாத்தும் பொடிக்கல் என்று கொத்தி விழுங்கும். ஈயம் உடம்பில் சேர்ந்து அவை நலிந்து சாகும். கிணற்றில் போட்டவரோ வருங்காலத்தில் தூர்வாரும் கூலியாளின் தலையில் அந்த ஆபத்தை ஏற்றி வைக்கிறார். பழைய இரும்புக் கடைக்குப் போட்டாலும் இதே கதைதான். அங்கே சுத்தியலால் அடித்துப் பித்தளையைப் பிரிப்பார்கள்.

பிரித்து எடுத்த மருந்தைத் தீனிக்குள் வைத்து அவுட்டுக்காய் செய்யும் வழக்கத்தை எவ்வளவு கண்டித்தாலும் தகும். 2020ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், வெடி வைத்த தீனியைக் கடித்து வாய் சிதைந்த சினை யானை ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டதை நாடே அறியும். பன்றிக்கு வைத்த வெடியை நம் வீட்டுக் கறவைமாடு கடிக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சட்டம் சொல்வது

துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் உரிமம் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதற்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுவரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். வீட்டில் இருப்பதே தெரியாதவரின் நிலை வேறு. அறிந்து வைத்திருப்பதே உடைமை என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் விளக்கியிருக்கிறது. இதிலிருந்து உழவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். டப்பாவைத் திறந்து பார்த்த அன்றே "தெரியாது" என்ற பாதுகாப்பு போய்விடுகிறது. ஆகவே அன்றைக்கே தகவல் சொல்ல வேண்டும். உரிமம் முடிந்துபோனாலோ வேறு காரணத்தாலோ கையில் வைத்திருப்பது சட்டத்துக்குப் பொருந்தாமல் போன ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறுகிறது.

முதலில் குழந்தைகளை அப்புறப்படுத்தி அறையைப் பூட்டுங்கள். அங்கே பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது. களிம்பேறியவற்றைத் தொடாமல், கிடந்த இடத்திலேயே விடுங்கள். மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏற வேண்டாம். வழியில் சோதனை நடந்தால் நீங்கள் சொல்லும் விளக்கம் எடுபடாது. நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், அல்லது வெறுங்கையோடு நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுப்பார்கள், அல்லது எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கூறுவார்கள்.

காவல் நிலையம் என்றாலே நம் மக்களுக்குக் கால் பின்வாங்கும். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. தனியே போகத் தயங்குபவர்கள் கிராம நிர்வாக அலுவலரையோ, ஊராட்சி உறுப்பினரையோ, தெரிந்த வழக்கறிஞரையோ உடன் அழைத்துச் செல்லலாம். கண்டெடுத்த நாள், இடம், தோட்டாக்களின் எண்ணிக்கை, உரிமம் வைத்திருந்தவரின் பெயர், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு, பழைய உரிமத் தாள் கிடைத்தால் அதன் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் கையொப்பமும் முத்திரையும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். தாமே எழுதிக் கொடுத்தவர் என்பதற்கு அந்தத் தாள்தான் சான்று. வெற்றுக் கூடுகள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே குறிப்பிட்டு ஒப்படைப்பது நல்லது.

நிலத்தை உழும்போது இராணுவக் குண்டு போன்ற பெரிய பொருள் தென்பட்டால் இந்த விவரமெல்லாம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. டிராக்டரை நிறுத்தி, இறங்கி விலகி வந்து, யாரும் நெருங்காமல் பார்த்துக்கொண்டு காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்.

"பன்றித் தொல்லை இருக்கிறதே, இருக்கிற தோட்டாவைப் பயன்படுத்தினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினரே சுடலாம். 1 கி.மீ.க்குள் சுடக்கூடாது, இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். உழவர் தாமே சுடுவதற்கு இதில் இடமில்லை. பயிர்ச்சேதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் மனுச் செய்து இழப்பீடு கேட்கலாம்.

உரிமம் நடப்பில் உள்ள பெரியவர்கள் வீட்டில் மகனிடமோ மருமகளிடமோ தோட்டா இருக்கும் இடத்தையும் எண்ணிக்கையையும் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். 70 வயதானவர்களும், 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவர்களும் தாம் உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயரில் உரிமம் கேட்க 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வழி செய்கின்றன. மனுவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வாரிசுக்கு விருப்பமில்லை என்றால் துப்பாக்கியோடு தோட்டாக்களையும் எண்ணி ஒப்படைத்து, இரசீதில் இரண்டும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.